அறுபது தாண்டிய ஆயுள் கைதிக்கு பரோலும் முன்விடுதலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறையில் மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது கொஞ்ச காலமாக என் வேலைகளில் ஒன்று. நான் வக்கீல் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களைப் பற்றியது. வேறு மாநிலத்தில் தண்டனை பெற்றவர் என்றால் அந்த மாநிலத்து விதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே? அப்பா உள்ளே போய் 15 வருஷம் ஆகிறது, ஏன் இன்னும் விடவில்லை?

ஆயுள் என்றால் ஆயுள்தான், சாகும்வரை. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனார், 1961-லேயே பதில் வந்துவிட்டது: அரசு தண்டனையைக் குறைத்து உத்தரவு போடாதவரை ஆயுள் கைதி உயிரோடு இருக்கும் காலம் முழுக்க உள்ளே இருக்க வேண்டியவர்தான்.

அப்படியானால் 14 எங்கிருந்து வந்தது? 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கொலை மாதிரி, மரண தண்டனையும் விதிக்க இடமுள்ள குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 வருஷம் முழுசாக உள்ளே இருக்காமல் விடக் கூடாது என்பது அதன் சாரம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 475-ஆம் பிரிவு. அதாவது 14 வருஷத்துக்கு முன்னால் விடாதே என்றுதான் சட்டம் சொல்கிறது. 14 முடிந்ததும் விடு என்று எங்கேயும் சொல்லவில்லை. சினிமா பார்த்துப் பார்த்து நம் எல்லோருக்கும் இது தலைகீழாகப் பதிந்துவிட்டது.

20 வருஷம் என்று ஒருத்தர் சொன்னாரே?

பழைய தண்டனைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை யாரோ அரைகுறையாகப் படித்திருக்கிறார். தண்டனையின் ஒரு பங்கை, கால்வாசி பாதி என்று கணக்குப் போட வேண்டி வந்தால் ஆயுளை 20 வருஷமாக வைத்துக்கொள் என்பதற்கு மட்டும்தான் அது. விடுதலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

பரோல், முன்விடுதலை, கருணை மனு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு எழுதின மனுக்கள் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பரோல் என்று நாம் சொல்வது விடுப்பு. தமிழ்நாட்டில் அதற்கு 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் இருக்கின்றன. போய்விட்டு, குறித்த தேதியில் திரும்பி வந்து சரணடைய வேண்டும். முன்விடுதலை என்பது மிச்சமிருக்கும் தண்டனையை அரசு குறைத்து, இனி வர வேண்டாம் என்று அனுப்புவது. கருணை மனு என்றால் அரசியல் சாசனத்தின்படி ஆளுநரிடம் (161-ஆவது பிரிவு) அல்லது குடியரசுத் தலைவரிடம் (72-ஆவது பிரிவு) போவது. தூக்குத் தண்டனைக்கு மட்டும்தான் கருணை மனு என்று பலர் நினைக்கிறார்கள். ஆளுநரின் 161 அதிகாரம் ஆயுள் கைதிக்கும் பொருந்தும், நம் மாநிலத்தில் கூட்டமாக விடுதலை செய்தபோதெல்லாம் அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினார்கள்.

உள்ளே இருக்கும் அம்மாவுக்கு 72 வயது. வயதைக் காட்டியே பரோல் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் விதிகளில் ‘முதுமை’ என்று தனியாக ஒரு காரணம் இல்லை. விடுப்பு இரண்டு வகை. ஒன்று அவசர விடுப்பு: நெருங்கிய ரத்த உறவிலோ கணவன் மனைவியிலோ சாவு, கடுமையான நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு. இன்னொன்று சாதாரண விடுப்பு: குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்ய, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுது பார்க்க, பாகப் பிரிவினைத் தகராறு தீர்க்க, விதைப்பு அறுவடைக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. படித்தாலே தெரியும், நாற்பது வயது சம்சாரியை மனசில் வைத்து எழுதின பட்டியல். எழுபது வயதுக் கிழவி விதைக்கவா போகப் போகிறாள்?

அதனால் பட்டியலின் கடைசியில் இருக்கும் ‘வேறு அசாதாரண காரணங்கள்’ என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறுமனே ‘வயதாகிவிட்டது’ என்று எழுதாதீர்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த சீட்டு, மூட்டு வலிக்குப் பார்க்கும் டாக்டர் கொடுத்த ஆலோசனை, சிறை மருத்துவமனையில் இருந்து அரசு பொது மருத்துவமனைக்கு அனுப்பிய தேதிகள், இப்படிக் கையில் பிடித்துக் காட்டக் கூடிய ஏதாவது வேண்டும். சாதாரண விடுப்புக்கு மூன்று வருஷம் தண்டனை முடித்திருக்க வேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இப்படி வரும் வழக்குகளுக்குக் குறைவே இல்லை.

மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் அதே நீதிமன்றத்தில் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கேட்பதுதான் நேரான வழி, பி.என்.எஸ்.எஸ். 430.

பரோலில் இருந்த நாளும் தண்டனைக் கணக்கில் சேருமா?

சேராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். கோவா வழக்கு ஒன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பரோல் நாட்களைக் கழித்துவிட்டுத்தான் 14 வருஷத்தைப் பார்க்க வேண்டும். சேர்த்துக் கணக்கிட்டால் செல்வாக்கு உள்ளவன் அடிக்கடி பரோலில் போயே 14 வருஷத்தை ஓட்டிவிடுவான் என்பது காரணம். நியாயம்தான்.

சேருவது எது என்றால், தீர்ப்புக்கு முன்னால் விசாரணைக் கைதியாக இருந்த காலம். இதைப் பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. கைதான தேதி, ஜாமீனில் வந்த தேதி, தீர்ப்பு தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உள்ளே நல்ல நடத்தைக்கும் வேலைக்கும் மாதா மாதம் கிடைக்கும் கழிவு நாட்கள் இந்த 14-ல் வராது, அது அசல் சிறைவாசமாக இருக்க வேண்டும்.

60 வயது ஆனால் 5 வருஷத்திலேயே விட்டுவிடுவார்கள் என்று உள்ளே பேசிக்கொள்கிறார்களாம். உண்மையா?

பாதி உண்மை. 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி 7 வருஷம் முடித்த ஆயுள் கைதிகளை விடுவித்தார்கள், அந்த உத்தரவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 வருஷம் போதும் என்று இருந்தது. மொத்தம் 1,405 பேர் அப்போது வெளியே வந்தார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 10 வருஷம் என்று வைத்தார்கள், அதிலும் 60 தாண்டியவருக்கு 5. 2021-ல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகளை விடுவிக்கப் போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

இவை எல்லாம் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகப் போட்ட அரசாணைகள். குறிப்பிட்ட தேதியில் அந்த வருஷக் கணக்கை முடித்திருக்க வேண்டும். நிரந்தர உரிமை இல்லை. ஒவ்வொன்றிலும் விலக்குப் பட்டியலும் உண்டு, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, பயங்கரவாதம் என்று நீளும். ஒருத்தர் குறிப்பிட்ட தேதிக்கு இருபது நாள் கழித்து 60-ஐத் தொட்டதால் விடுபட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு தலைவரின் பிறந்தநாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதை வைத்து ஒரு கிழவரின் கடைசிக் காலம் முடிவாவது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. விட்டவர்களை விட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. வருஷம் முழுக்க ஓட வேண்டிய ஒரு வேலையை விழாவோடு முடிச்சுப் போட்டதைத்தான் சொல்கிறேன்.

சுதந்திர தினத்தின் 75-ஆம் ஆண்டுக்கு 60 வயது தாண்டிய ஆண்களை விடச் சொல்லி மத்திய அரசு அறிவித்ததே?

2022-ல் வந்த அறிவிப்பு அது. 60 தாண்டிய ஆண்கள், 50 தாண்டிய பெண்கள் மற்றும் திருநர், பாதித் தண்டனை முடித்திருந்தால் விடலாம் என்றார்கள். ஆயுள் தண்டனைக்காரர்களுக்குக் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது. செய்தித்தாள் தலைப்பில் அந்த வரி வராததால் எத்தனையோ பேர் வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருந்தார்கள்.

வயதை எப்படி நிரூபிப்பது? பிறப்புச் சான்றிதழ் இல்லை.

கவனமாகப் படியுங்கள், பல கோப்புகள் சிக்குகிற இடம் இது. சிறையில் ஒவ்வொருவருக்கும் நாமினல் ரோல் என்று ஒரு தாள் இருக்கிறது. பெயர், வழக்கு எண், தண்டனை, உள்ளே வந்த தேதி, கழிவு, பரோல் விவரம், வயது எல்லாம் அதில் இருக்கும். அந்த வயது எங்கிருந்து வந்தது? கைது செய்த அன்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டு, இவர் ஏதோ சொல்லி, ஏட்டு எழுதினது. அப்புறம் குற்றப்பத்திரிகையில் அதே வயது, தீர்ப்பில் அதே வயது, வாரண்டில் அதே வயது.

ஒரு பாட்டி மடியில் முடிந்து கொண்டுவந்த குடும்ப அட்டையில் அவள் கணவருக்கு 66, நாமினல் ரோலில் 58. எட்டு வருஷ வித்தியாசம். ஆதார் எடுக்கும் காலத்துக்கு முன்பே உள்ளே போனவர், ஆதாரும் கிடையாது. கடைசியில் அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தோம், பூச்சி அரித்த ஓரத்துக்கு ஒரு விரல் தள்ளி அவருடைய பிறந்த தேதி. தலைமையாசிரியர் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்த சான்றை வைத்துத்தான் வயதைத் திருத்தக் கேட்டு மனுப் போட்டோம்.

பள்ளிப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்று, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். நாமினல் ரோல் நகலை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அரசாணை வந்தபிறகு வயதைத் திருத்த ஓடினால் வண்டி போய்விட்டிருக்கும்.

14 வருஷம் முடிந்தது. இனி யார் முடிவெடுப்பார்கள்?

இரண்டு பாதை. ஒன்று சட்டப் பாதை, பி.என்.எஸ்.எஸ். 473 (பழைய 432). முன்விடுதலைக் கோப்புகளைப் பார்க்கும் சிறை அறிவுரைக் கழகம் கூடும், நன்னடத்தை அதிகாரி அறிக்கை, போலீஸ் அறிக்கை, தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் கருத்து எல்லாம் போய் அரசு உத்தரவு போடும். இன்னொன்று ஆளுநரின் 161. இதற்கு அந்த 14 வருஷத் தடை கிடையாது, 1980-ல் மாரு ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2008-ல் 7 வருஷத்தில் விட முடிந்தது இதனால்தான்.

ஆளுநர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுப்பாரா என்றால், அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். பேரறிவாளன் வழக்கு இதில் பெரிய பாடம். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. கோப்பு இரண்டு வருஷத்துக்கு மேல் அசையாமல் கிடந்து, 2021-ல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளப்பட்டது. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை நேரடியாக விடுவித்தது. 19 வயதில் உள்ளே போனவர், 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு பெயர் பெற்ற வழக்கு, அதுவே நாலு வருஷம் இழுத்தது. நம் ஊர்க்காரர் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

நீண்ட காலம் உள்ளே இருப்பவர்கள், முதியவர்கள், நோயாளிகள் நிலையைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் 2021 டிசம்பரில் அரசு ஒரு குழு போட்டது. அதன் பரிந்துரைகளில் இருந்து 49 பேரின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்குப் போயின. அந்த விவகாரத்தில் அதிகம் பேசப்பட்டவர்கள் 1998 கோவை குண்டுவெடிப்பு வழக்கின் ஆயுள் கைதிகள். அதில் முக்கியக் குற்றவாளியான பாஷா எண்பதைத் தாண்டிய வயதில், பரோலில் இருக்கும்போதே, 2024 டிசம்பரில் இறந்தார். அவருக்கு இரக்கம் காட்டலாமா கூடாதா என்று இரண்டு பக்கமும் காரமாகப் பேச ஆள் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. ஒரு வயதுக்கு மேல் ‘முடிவை அப்புறம் பார்ப்போம்’ என்பதே ஒரு முடிவாகிவிடுகிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்றால்?

473 பாதையில் போனால் மத்திய அரசின் சம்மதமும் வேண்டும். வெறுமனே கலந்து பேசினால் போதாது, ஒப்புதலே வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

தீர்ப்பில் ‘25 வருஷத்துக்குக் குறைப்பு இல்லை’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு ஆயுள் என்றும் போட்டிருக்கிறது.

முதலாவது கஷ்டம். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ அப்படி எழுதியிருந்தால் அந்த வருஷம் வரை 473-ல் போக முடியாது, ஆளுநர் பாதை மட்டும்தான். இரண்டாவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இரண்டு ஆயுளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, மனுஷனுக்கு ஆயுள் ஒன்றுதானே. 2016-ல் தமிழ்நாட்டுக்காரர் முத்துராமலிங்கம் என்பவரின் வழக்கில் வந்த தீர்ப்பு இது.

எந்த வருஷத்து விதி பொருந்தும்? பழையதா புதியதா?

தண்டனை பெற்ற அன்று நடப்பில் இருந்த கொள்கை. பிறகு வந்தது அவருக்கு அதிகச் சாதகமாக இருந்தால் அதைக் கேட்கலாம். 2010-ல் ஹரியானா வழக்கில் வந்த தீர்ப்பு (ஜக்தீஷ்). நடுவில் விதியைக் கடுமையாக்கினால் அதை இவர் தலையில் கட்ட முடியாது.

நாங்கள் மனுப் போடவே இல்லை. அதனால்தான் விடவில்லையா?

2025 பிப்ரவரி 18-ஆம் தேதிக்குப் பிறகு அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை. கொள்கை வைத்திருக்கும் மாநிலம், தகுதி வந்தவரின் பெயரை மனு இல்லாமலேயே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. இருந்தாலும் நீங்கள் மனுப் போடுங்கள், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. உத்தரவு இருக்கிறது என்பதும் அது நடக்கிறது என்பதும் வேறு வேறு.

மனுவில் என்ன எழுதுவது?

அழுது எழுத வேண்டாம். 2000-ல் லக்ஷ்மண் நஸ்கர் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில கேள்விகளை வைத்தது: அந்தக் குற்றம் சமூகத்தையே பாதித்ததா, திரும்பச் செய்வாரா, குற்றம் செய்யும் தெம்பே போய்விட்டதா, இனியும் உள்ளே வைத்து ஏதாவது பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. இந்த வரிசையிலேயே எழுதுங்கள். முதியவருக்கு மூன்றாவதும் நாலாவதும்தான் உயிர். இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் கழிப்பறைக்குப் போகிறார் என்றால் அதை அப்படியே எழுதுங்கள், கூடவே மருத்துவக் குறிப்பை வையுங்கள். பரோலில் வந்து ஒழுங்காகத் திரும்பின தேதிகளைப் போடுங்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்ததால் திரும்ப இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் அதற்கான சீட்டையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ‘பரோலில் தலைமறைவு’ என்று ஒரு வரி கோப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வருவாராம். என்ன கேட்பார்?

யார் சோறு போடுவார்கள், எங்கே படுப்பார், ஊரில் பகை இருக்கிறதா. அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். மகன் ஒன்று சொல்லி மருமகள் வேறு சொன்னால் அறிக்கை கெட்டுவிடும், முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வைத்துக்கொள்ள முடியாது என்றால் முடியாது என்று சொல்வதும் தப்பில்லை, ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். பொய்யாக ஒப்புக்கொண்டு, வந்த மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் விட்ட குடும்பமும் உண்டு.

செத்தவர் வீட்டுக்காரர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பில்கிஸ் பானு தன் வழக்குக் குற்றவாளிகள் பதினொரு பேரை குஜராத் அரசு விடுவித்ததை எதிர்த்துப் போய், 2024 ஜனவரி 8-ஆம் தேதி அந்த உத்தரவை ரத்து செய்ய வைத்தார். அதிகாரமே இல்லாத மாநிலம் விடுவித்தது என்பது முக்கியக் காரணம். இதைச் சொல்லும்போது சில குடும்பங்களுக்கு முகம் வாடுகிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு 70 ஆனதுபோல அந்த வீட்டு அம்மாவுக்கும் 70 ஆகியிருக்கும். அவர்களிடம் போய்ச் சண்டையோ சமாதானமோ பேசாதீர்கள், மிரட்டினதாக ஒரு புகார் வந்தால் எல்லாம் முடிந்தது.

ஒருத்தர் இரண்டு லட்சம் கொடுத்தால் ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்க 1987-ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் பண்ணுங்கள். மறுத்தார்கள் என்றால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். ஒற்றை வரியில் ‘பரிசீலிக்க இயலாது’ என்று வந்தால் அது உங்களுக்குச் சாதகம், நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட உத்தரவு பெரும்பாலும் நிற்காது.

விட்டுவிட்டார்கள். இனி என்ன?

உத்தரவில் இருக்கும் நிபந்தனைகளை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், கண் தெரியாதவர் என்றால் இரண்டு தடவை. நிபந்தனையை மீறினால் திரும்பப் பிடித்துப் போகலாம். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் கூட ஒருத்தர் போங்கள். அப்புறம் ஆதார், குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், அதற்கப்புறம் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம், 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். கைரேகை எந்திரத்தில் பலருக்கு ரேகை விழாது, உள்ளே தறியிலும் தோட்டத்திலும் வேலை பார்த்துத் தேய்ந்திருக்கும். கண்விழிப் பதிவு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்புரை இருந்தால் அதுவும் விழாது, முதலில் ஆபரேஷனை முடித்துவிடுங்கள்.